பல்லுக்குள் ஒரு முத்துக்குளிப்பு
அண்ணாச்சி பதில்கள்

பல், தாடை, அதற்காக உயிரை விட்ட எலி, நாய், குரங்கு என்று இந்த முறை ஒரே திசையிலிருந்து கேள்விகள். வேம்பார் முதல் மணப்பாடு வரை பல் வலிக்காத ஆளே இல்லை போலிருக்கிறது. வந்த வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

*

சிப்பிநேசன், வேப்பலோடை: அண்ணாச்சி, எங்க ஊர்லதான் முதன்முதல்ல வளர்ப்பு முத்து எடுத்தாங்களாம். அந்தச் சிப்பி வைத்தியத்துக்கும் பல் வைத்தியத்துக்கும் சம்பந்தம் உண்டுன்னு என் மருமகன் சொல்றான். அளக்கிறானா?

அளக்கவில்லை. மருமகன் சொல்லையும் ஒரு தடவை நம்புங்கள். 1973 ஜூலையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி குழுவினர் உங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில்தான் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். செய்முறை ஓர் அறுவை சிகிச்சை. சிப்பியை மெந்தாலில் மயக்கி, ஓட்டைச் சற்றே விரித்து, சினைப்பைப் பக்கம் சின்னதாகக் கீறி, ஓட்டில் கடைந்த ஒரு மணியை உள்ளே வைப்பார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று. அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை கட்டும்; பை முத்துப் பூச்சைச் சுரக்கும். மனிதன் மணியை வைக்கிறான், வேலையைச் செய்வது சிப்பி.

பல்லின் நடுவில் பற்கூழ் என்று ஒரு மென்சதை உண்டு. ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் இடம். சொத்தை அதுவரை தோண்டிவிட்டால், கூழ் இன்னும் உயிரோடிருக்கும் பட்சத்தில், மருத்துவர் அந்த வாசலில் ஒரு மருந்தை வைத்து மூடுவார். அடியில் உள்ள செல்கள், பல்லின் உட்சுவர்ப் பொருளான டென்டினைப் புதிதாகச் சுரந்து, குறுக்கே ஒரு கெட்டிச் சுவர் எழுப்பும். சிப்பியின் சரக்கு கால்சியம் கார்பனேட், பல்லின் சரக்கு கால்சியம் பாஸ்பேட். சரக்கு வேறானாலும் இரண்டு இடத்திலும் கொத்தனார் உடம்புதான். வைத்த மணியைத் துப்பிவிடும் சிப்பியும் உண்டு, மருந்துக்கு மசியாத பல்லும் உண்டு.

*

வெற்றிலைப்பெட்டி ஆச்சி, ஆத்தூர்: ஏ தம்பி, பல்லுல வைக்கிற மருந்து சுண்ணாம்புதான்னு டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. அதைத்தானே நான் அறுவது வருசமா வெத்தலையில தடவுறேன்! காசு எதுக்கு?

ஆச்சி, உங்களுக்குப் பாதி மார்க். கடற்கரைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றினால் கிடைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920இல் ஜெர்மானியப் பல் மருத்துவர் ஹெர்மான் பல்லுக்குள் வைக்கக் கொண்டுவந்ததும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அடுத்த எழுபது ஆண்டுகள் அதற்கு எதிராளியே இல்லை. அது கடுங்காரம். பட்ட இடத்தில் கிருமி பிழைக்காது. கூழின் மேல்தோலையும் மெல்லிசாகக் கருக்கிவிடும். அந்தக் கருகலுக்குக் கீழேதான் சுவர் எழும்பத் தொடங்கும்.

மீதி மார்க் எங்கே போயிற்று? டாக்டர் வைப்பது சுத்தம் செய்து அளந்த சுண்ணாம்பு. எச்சில் படாமல், சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, குண்டூசித் தலையளவு வைத்து, மேலே காற்றுப் புகாமல் அடைக்கிறார். நீங்கள் டப்பாவிலிருந்து நகத்தில் வழித்து வைத்தால் ஈறு வெந்துபோகும், கிருமி உள்ளேயே குடியிருக்கும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சுண்ணாம்பு டப்பாவுக்குப் பல் மருத்துவப் பட்டம் இன்னும் கிடைக்கவில்லை.

*

எலிப்பொறி, முத்தையாபுரம்: பல் ஆராய்ச்சின்னாலே எலியைப் பிடிக்கிறாங்களே, எலி என்ன பாவம் செய்தது?

எலி செய்தது பாவமில்லை, பேருதவி. அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் 1965இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிறந்தது முதல் கிருமியே அண்டாமல் மூடிய கூண்டில் வளர்ந்த எலிகள் ஒரு கூட்டம், சாதாரண எலிகள் இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் துளை போட்டுக் கூழைத் திறந்துவிட்டார்கள். மருந்து வைக்கவில்லை, மூடவும் இல்லை. தின்ற தீனியெல்லாம் அந்தப் பொந்தில் போய் அடைந்தது.

சாதாரண எலிகளுக்கு எட்டு நாளிலேயே கூழ் அழுகத் தொடங்கியது. பிறகு வேர் நுனியில் சீழ்க்கட்டி. கிருமியில்லாத எலிகளுக்கோ 14ஆம் நாள் வாக்கில் டென்டின் பாலம் தலைகாட்டியது. நான்கு வாரத்தில் பாலம் முழுசாகவே மூடிவிட்டது, அதுவும் தீனி அடைந்த பொந்துக்குக் கீழே!

பல் தானாக ஆறாது என்று நம்பியிருந்த உலகத்துக்கு அந்த எலிகள் சொன்ன தீர்ப்பு: பல்லுக்கு ஆறத் தெரியும், கிருமிதான் விடுவதில்லை. இன்றைக்கு மருத்துவர் உங்கள் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி எச்சிலை ஒதுக்குகிறாரே, அதன் நியாயம் இந்தச் சோதனையில் இருக்கிறது.

*

மளிகைக்கடை மாரி, ஏரல்: கிராம்பு எண்ணெய்?

வலி மரத்துப்போகும், சொத்தை அப்படியே இருக்கும். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை அடக்கும். ஆனால் திறந்த கூழின் மேல் நேரடியாகப் பட்டால் அதைப் புண்ணாக்கிவிடும். ராத்திரியை ஓட்டப் பஞ்சில் ஒரு சொட்டு போதும். காலையில் பல் டாக்டர்.

*

கொத்தனார், கோவில்பட்டி: என் பல்லில் சிமெண்ட் வைத்ததாக பில் போட்டிருக்கிறார்கள். நான் மூட்டை மூட்டையாகக் குழைக்கிற சரக்குக்கு எனக்கே பில்லா?

சகோதரச் சரக்குதான், கோபிக்காதீர்கள். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் டொராபினிஜாட் 1990களில் கொண்டுவந்த எம்.டி.ஏ. என்ற மருந்து, போர்ட்லாண்ட் சிமெண்டைச் சுத்திகரித்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தது. ஈரத்திலேயே இறுகும். பற்கூழ் எப்போதும் ஈரம் என்பதால் அந்தக் குணம் இங்கே வரம்.

1996இல் பிட் ஃபோர்ட் குழுவினர் நான்கு குரங்குகளின் பன்னிரண்டு பற்களில் இதைச் சோதித்தார்கள். ஆறில் எம்.டி.ஏ., ஆறில் பழைய கால்சியம் ஹைட்ராக்சைடு. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால், எம்.டி.ஏ. வைத்த ஆறு பல்லிலும் சுவர் முழுசாக எழும்பியிருந்தது. ஐந்தில் அழற்சியே இல்லை. மற்ற ஆறிலும் அழற்சி, இரண்டில்தான் சுவர். பன்னிரண்டு பல் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் மனிதர்களிடம் செய்து பார்க்கும் துணிச்சலை அந்தக் கணக்கு கொடுத்தது. பில்லில் இருக்கும் தொகை சிமெண்டுக்கு இல்லை, அந்தச் சுத்திகரிப்புக்கும் டாக்டரின் கைக்கும்.

*

சங்குகுளி மச்சான், திரேஸ்புரம்: அண்ணாச்சி, கரையில இருக்கும்போது பல் ஒண்ணும் பண்ணல. பத்துப் பாகம் இறங்கினா உயிர் போகுது. காத்து கருப்பா?

கருப்பு இல்லை, வெறும் காற்றுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையைப் போல இரண்டு மடங்கு. அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். உங்கள் பல்லில் பழைய அடைப்புக்குக் கீழே ஓர் இடுக்கு இருந்தால், அதில் மாட்டிய காற்றும் இறங்கும்போது சுருங்கும், ஏறும்போது விரியும். கூழ் ஏற்கெனவே வீங்கியிருந்தால் வலி மண்டையைப் பிளக்கும். பற்கூழ் நாலு பக்கமும் கெட்டிச் சுவர் உள்ள அறைக்குள் இருக்கிறது. கை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். பல் வீங்க இடமே கிடையாது.

பொதுவாக ஏறும்போது வலித்தால் கூழ் புண்பட்டிருக்கிறது, இறங்கும்போது வலித்தால் கூழ் செத்திருக்கலாம் என்பது கணக்கு. மேல்தாடைக் கடைவாயில் வலி என்றால் சளி அடைத்த சைனஸும் காரணமாக இருக்கும். எதுவானாலும் எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த சங்குக்கு இறங்காதீர்கள். ஆழத்தில் திடீர் வலி வந்து பதறி மேலே ஏறினால், போவது பல்லோடு நிற்காது.

*

உப்பளத்து உழைப்பாளி, ஆறுமுகநேரி: பல் பிடுங்கின அன்னைக்கே உப்புத் தண்ணி கொப்பளிச்சேன். டாக்டர் ஏசுறாரு. எங்க உப்பு மேல என்ன கோவம்?

உப்பு மேல் கோபமில்லை, கொப்பளித்த வேகத்தின் மேல். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் துப்பாதீர்கள். அந்தக் கட்டிக்குள்தான் முதலில் மெல்லிய திசு, அப்புறம் நூல் நூலாகப் புது எலும்பு என்று தாடை தன்னைக் கட்டிக்கொள்ளும். நாய்களின் தாடையை நாள் வாரியாகப் பரிசோதித்துத்தான் இந்த வரிசையைத் தெரிந்துகொண்டார்கள். கட்டி பெயர்ந்துவிட்டால் எலும்பு திறந்து கிடக்கும், மூன்றாம் நாள் வலி தாங்காது. ஒரு நாள் பொறுத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெல்ல வழியவிடுங்கள். பீடி கூடாது, உறிஞ்சுகுழலில் சர்பத்தும் கூடாது.

*

பொக்கை வாய்ப் பெரியவர், புன்னைக்காயல்: பல் போய் ரெண்டு வருசமாச்சு. இப்ப இம்பிளான்ட் வைக்கப் போனா 'எலும்பு இல்லை'ங்கான். இருந்த எலும்பு எங்கே போச்சு?

இம்பிளான்ட் என்ற செயற்கை வேரை ஊன்ற வேண்டிய எலும்பை உடம்பே வாபஸ் வாங்கிக்கொண்டது. பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருக்கிறது. பல் போனால் அதற்கு வேலை இல்லை. கடைவாய் எடுத்த இடத்தில் 12 மாதத்துக்குள் எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே. 2005இல் அராவுஜோவும் லிண்டேயும் நாய்களின் கீழ்த்தாடையில் பல்லை எடுத்துவிட்டு எட்டு வாரம் கவனித்தார்கள். கன்னத்துப் பக்கச் சுவர் நாக்குப் பக்கச் சுவரைவிடச் சுமார் 2 மில்லிமீட்டர் தாழ்ந்துபோயிருந்தது. மெல்லிசான சுவர் முதலில் கரைகிறது.

ஆகவே பல்லை எடுக்கும் அன்றே, 'இந்த இடத்தில் பின்னால் என்ன வைக்கப் போகிறோம்' என்று டாக்டரிடம் கேளுங்கள். குழியிலேயே எலும்புத்தூள் நிரப்பினால் சரிவு குறையும்; முழுசாக நிற்காது.

*

தேரிக்காட்டுத் தங்கம், குதிரைமொழி: இம்பிளான்ட் டைட்டானியமாமே. எங்க தேரி மணல்லயும் அது இருக்காமே. ஒரு பிடி மெல்லலாமா?

மென்றால் இருக்கிற பல்லும் தேயும். உங்கள் செம்மணலில் இல்மனைட் என்ற கனிமம் உண்டு. அதில் இரும்போடு கலந்து டைட்டானியம் இருக்கிறது. அதைப் பிரித்து உலோகமாக்குவது ஆலை வேலை, தாடை வேலை இல்லை.

அந்த உலோகம் வாய்க்குள் வந்த கதைதான் ரசமானது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தில் செய்த பார்வைக் குழல் ஒன்றைப் பொருத்தினார். சோதனை முடிந்து கழற்றப் போனால், குழல் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. விலையுயர்ந்த குழல் போயிற்றே என்று தலையில் கை வைக்காமல், 'ஏன் ஒட்டியது?' என்று கேட்டார் மனுஷன். நாய்களின் தாடையில் பார்த்துவிட்டு, 1965இல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளியின் கீழ்த்தாடையில் டைட்டானிய இம்பிளான்ட்களை வைத்தார். லார்சன் 2006இல் இறந்தார். அதுவரை அந்த இம்பிளான்ட்கள் அவரோடு இருந்தன.

அதே 1965இல் அமெரிக்காவில் மார்ஷல் யூரிஸ்ட், கால்சியம் நீக்கிய எலும்புத் துண்டை முயல் போன்ற விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளே எலும்பு முளைத்தது! எலும்பில் ஒளிந்திருந்த அந்தத் தூண்டு புரதத்தை ஆலையில் தயாரித்து, தாடை எலும்பை மேடாக்கப் பயன்படுத்த 2007இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முயல் தசைக்கும் மனிதத் தாடைக்கும் இடையே 42 வருடம். 'எலியில் வெற்றி' என்று செய்தி படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

*

முத்துமாலை, தூத்துக்குடி: தங்கப் பல் கட்டுகிறார்கள். சிப்பியில் பல் கட்ட முடியாதா அண்ணாச்சி?

கட்டியிருக்கிறார்கள் தாயி, அதுவும் நமக்கு 1,400 வருடம் முந்தி. 1931இல் ஹோண்டுராஸ் நாட்டில் போபனோ தம்பதியர் தோண்டியபோது, கி.பி. 600 வாக்கைச் சேர்ந்த மாயா இனத்தவர் ஒருவரின் கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. முன்பல் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் பல்லைப் போலவே சீவிய சிப்பி ஓடுகள். செத்த பிறகு அலங்காரத்துக்குச் சொருகியது என்றுதான் நினைத்தார்கள். பிரேசில் பேராசிரியர் பாபியோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஓட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. செத்த தாடையில் எலும்பு வளராதே!

பாரிஸில் எவெலின் லோபெஸ் குழுவினர் 1992இல், முத்துச் சிப்பியின் உட்பூச்சு மனித எலும்புச் செல்களைத் தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். ஆடுகளிலும் பார்த்தார்கள். 1997இல் மேல்தாடையில் எலும்பு இழந்த நோயாளிகளுக்கு முத்துப்பூச்சுத் தூளை வைத்துப் புது எலும்பு கண்டதாக எழுதினார்கள். அவர்கள் எடுத்தது பெரிய பிங்க்டாடா மாக்சிமா சிப்பி. மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி அதன் சின்ன உறவு. இதையெல்லாம் படித்துவிட்டு மூக்குத்தி முத்தை அரைத்துப் பல்லில் அப்பாதீர்கள். இது இன்னும் கடைக்கு வந்த சிகிச்சை இல்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. பல்லுக்காக மறுபடி தொடங்கும் திட்டமும் இல்லை.

*

தீவுக்காரன், தருவைகுளம்: பவளப்பாறையிலிருந்து எலும்பு செய்கிறார்களாமே. அப்போ நம் தீவெல்லாம் கோடி ரூபாய்!

கோடி ரூபாய்தான், கடலுக்குள் இருக்கிற வரைக்கும். பவளத்தின் துளைகள் எலும்பின் துளைகளைப் போலவே ஒன்றோடொன்று திறந்திருக்கும். 1974இல் டெல்லா ராய், லின்னெஹன் இருவரும் பவளத்தைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து, துளை மாறாமல் எலும்புச் சரக்காக மாற்றிக் காட்டினார்கள். தாடையில் நிரப்பும் தூளாக அது சந்தைக்கும் வந்தது.

ஆனால் நம் ஊரில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டிய கதை தெரியும்தானே? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில். தொட்டால் ஜெயில். கரையில் சும்மா ஒதுங்கும் கணவாய் ஓட்டிலும் இதே ரசாயன மாற்றத்தைச் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கோடியை அங்கே தேடுங்கள்.

*

பெயர் வேண்டாம், காயல்பட்டினம்: தாடையில் வைக்கும் எலும்புத்தூள் எந்தப் பிராணியுடையது என்று கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். பரவலாகப் புழங்கும் தூள் மாட்டெலும்பிலிருந்து வருகிறது; அதை மூடும் சவ்வு பல சமயம் பன்றித் தோலில் இருந்து. மார்க்கம், சைவம், மனசு, எதை முன்னிட்டு மறுத்தாலும் அது உங்கள் உரிமை. மாற்று வழிகள் உண்டு: உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கும் எலும்பு, மனிதர் தானம் தந்தது, முழுக்க ரசாயனத்தில் செய்தது. ஊசி போடுமுன் கேளுங்கள். வாய் மரத்த பிறகு கேட்க முடியாது.

*

டீச்சரம்மா, எட்டயபுரம்: பன்னிரண்டு வயதில் புதிதாகக் கடைவாய் முளைக்கிறது. அதற்கு இடம் எங்கிருந்து வருகிறது?

தாடையின் பின்பக்கத்திலிருந்து. இதைக் கண்டுபிடிக்கப் பன்றியும் சாயமும் வேண்டியிருந்தன. 1736இல் லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற மருத்துவர் ஒரு சாயக்காரர் வீட்டில் விருந்துண்டார். தட்டில் வந்த பன்றியின் எலும்பு சிவப்பு! சாயம் ஊறிய தவிட்டைத் தின்ற பன்றி அது. நம் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான செடியின் சாயம், அந்த நாட்களில் புதிதாகப் படியும் எலும்பில் மட்டுமே ஏறும்.

அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் இதைப் பிடித்துக்கொண்டார். பன்றிக்குச் சில நாள் சாயத் தீனி, சில நாள் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துத் தாடையைப் பார்த்தார். காதுப் பக்கம் உயரும் கிளையின் பின்விளிம்பில் எலும்பு படிகிறது, முன்விளிம்பில் கரைகிறது. அப்படியே தாடை நீண்டு, கடைவாய்களுக்கு இடம் பிறக்கிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வாயிலும் இதே வேலைதான் நடக்கிறது.

*

சேவல்கட்டு ரசிகன், விளாத்திகுளம்: சேவலுக்குப் பல் முளைக்குமா?

முளைக்காது. ஆனால் அதே ஹன்டர், அப்போதுதான் பிடுங்கிய மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டார், அது ஒட்டிக்கொண்டது. பல்லோடு அந்தக் கொண்டை இன்றும் லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேவல்கட்டில் இறக்கலாமா என்று அடுத்த கடிதம் போட வேண்டாம்.

*

இளம் தாய், மணப்பாடு: மகனின் பால் பல்லைக் கூரை மேல் எறியச் சொல்கிறார் மாமியார். ஸ்டெம் செல் வங்கியில் போடச் சொல்கிறது விளம்பரம்.

மாமியார் சொல்வதற்குச் செலவில்லை. விளம்பரத்துக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது: பற்கூழில் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள் இருப்பதை 2000இல் கிரான்தாஸ், ஷி குழுவினர் காட்டினார்கள். எலிக்குள் வைத்தபோது அவை டென்டின் போன்ற திசுவை உண்டாக்கின. 2003இல் விழுந்த பால் பல்லிலும் கண்டார்கள். ஆய்வாளர் ஷி கவனித்த முதல் பற்களில் ஒன்று அவருடைய சொந்த மகளுடையது. ஜப்பானில் மிசாகோ நகாஷிமா குழுவினர் நாய்களில் பார்த்துவிட்டு, 2017இல் ஐந்து நோயாளிகளுக்குக் கூழை மறுபடி வளர்க்க முயன்ற விவரத்தை வெளியிட்டார்கள்.

ஆனால் ஐந்து பேர் என்பது ஆரம்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெதையும் வியாபார வங்கியில் சேமிக்க இடம் தரவில்லை. கூரைக்கே என் ஓட்டு.

*

விக்கெட் கீப்பர், முள்ளக்காடு: பந்து பட்டுத் தம்பியின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. அடுத்த தடவை என்ன செய்யணும்?

அடுத்த தடவை வேண்டாம். வந்தால், வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடியுங்கள். மண் இருந்தால் ஒரு கணம் கழுவி, குழியிலேயே திரும்பச் சொருகி ஓடுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு ஓடுங்கள். காய்ந்தால் வேரின் மேல் உள்ள செல்கள் சாகும்; டென்மார்க்கின் ஆன்ட்ரியாசன் குரங்குகளில் நேரக் கணக்கைப் பார்த்துச் சொன்னார். விழுந்தது பால் பல் என்றால் சொருக வேண்டாம்.

இன்னொரு சேதி. 2008இல் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இளநீரில் வேரின் மேலுள்ள அந்தச் செல்கள் பாலைவிட நன்றாகப் பிழைத்ததாகக் கண்டார்கள். எந்தப் பிராணியும் சாகவில்லை. பிடுங்கிய மனிதப் பற்களே போதுமாயிருந்தன. இளநீரின் புளிப்பைக் காரணம் காட்டிப் பாலே மேல் என்று சொன்ன ஆய்வுகளும் பின்னால் வந்தன. எது கைக்கெட்டுகிறதோ அது. டீ மட்டும் வேண்டாம்.

*

வலைக்காரர், வேம்பார்: சுறாவுக்கு ஆயுசுக்கும் பல் முளைக்கிறது. எனக்கு மட்டும் ஏன் ரெண்டே ரெண்டு தடவை?

மூன்றாவது தடவைக்கு கியோட்டோவில் முயல்கிறார்கள். பல் வளர்ச்சியைத் தடுக்கும் யூசாக்-1 என்ற புரதத்தை ஓர் எதிர்ப்புப் பொருளால் அடக்கினால், எலிக்கும் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிக்கும் கூடுதல் பல் முளைத்ததை 2021இல் தகஹாஷி குழுவினர் வெளியிட்டார்கள். ஃபெரெட் எதற்கு? எலிக்கு ஒரே செட் பல்; ஃபெரெட்டுக்கு நம்மைப் போல இரண்டு. 2024இல் மனிதரிடம் சோதனை தொடங்கியது. முதல் கேள்வி மருந்து பாதுகாப்பானதா என்பதே. விடை வரும்வரை பிரஷ்ஷை வீசிவிடாதீர்கள்.

*

ஜீவகாருண்யன், திருச்செந்தூர்: இத்தனை எலி, நாய், குரங்கு பட்ட பாட்டை ரசித்து எழுதுகிறீர்களே, மனசு உறுத்தவில்லையா?

உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி போட்டது. அந்தச் சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை, கடிவாளம் போட்டது. வேறு வழி இருந்தால் பிராணியைத் தொடாதே, சின்னப் பிராணி போதுமென்றால் பெரியதை எடுக்காதே, வலிக்கு மயக்க மருந்து கொடு. 1998 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழு அனுமதிக்க வேண்டும். 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற மாற்றுகளுக்கும் இந்தியா இடம் கொடுத்தது.

என் கட்சி இது: 1965இன் எலிகள் ஒரு பெரிய கேள்விக்கு விடை தந்தன. அதே விடையைப் பட்டத்துக்காக மறுபடி மறுபடி எலியிடம் கேட்பது அநியாயம். புதுக் கேள்வி இல்லாத இடத்தில் கூண்டும் வேண்டாம்.

*

சோம்பேறி, ஸ்பிக் நகர்: இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறதே, எல்லாம் வந்த பிறகு மொத்தமாகப் பல்லைக் காட்டிக்கொள்ளலாமா?

தம்பி, உமக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். மேலே சொன்ன வெற்றிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கூழ் உயிரோடிருக்க வேண்டும், அல்லது எலும்பு மிச்சமிருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுள்ளென்று வலித்து உடனே போய்விடுகிறதா? பல்லைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்பு நிறைய. வலி நிமிடக் கணக்கில் நிற்கிறதா, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறதா? வாய்ப்பு சுருங்கிவிட்டது. கன்னமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போய் வாயைத் திறந்து காட்டுங்கள்.